பதவியும் பணியும்

விருதுநகர் வட்டாரம் கரிசல் மண் பரந்த வறண்ட நிலப்பகுதியாகும். அங்கே வற்றாத ஆறு இல்லை. வைப்பாறும் மழை பெய்தாலன்றி நீர் காண்பதில்லை. வானத்தை நம்பிய அந்நிலத்தில் பருத்தியும் மிளகாயும் கம்பும் சோளமும் விளையும். மழை பொய்த்த ஆண்டுகளில் அவையும் விளையா. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்து 1923ஆம் ஆண்டில் அதனைத் தம் ஊரில் தொடங்கினர். அதன்பின் தீப்பெட்டியும் பட்டாசும் அவ்வட்டாரத்தின் கைத்தொழில்களாயின. அச்சங்குளம் முதலிய சிற்றூர்களில், விளைச்சல் பொய்த்து வாடிய குடும்பங்களுக்கு அத்தொழில்கள் கஞ்சி வார்த்தன. ஆயினும், குச்சி அடுக்குவதற்கும் பெட்டி ஒட்டுவதற்கும் சிறுவர் சிறுமியரின் கைகளும் வேண்டப்பட்டமையால், பள்ளிக்குச் செல்லும் பருவமே பல இல்லங்களில் கூலி தேடும் பருவமாயிற்று. இத்தகைய மண்ணிலே பிறந்து, தாமும் பள்ளிப் படிப்பை இடையில் இழந்து, பின்னர்த் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவை அகலத் திறந்துவைத்த பெருந்தகை காமராசர் ஆவார்.

விருதுநகர் முன்னாளில் விருதுபட்டி என வழங்கிற்று. அவ்வூரில் 1903ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள் குமாரசாமிக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகக் காமராசர் தோன்றினார். குலதெய்வத்தின் பெயரையொட்டிக் காமாட்சி என்று அவருக்குப் பெயரிட்டனர். அன்னையார் அன்பு மிகுதியால் இராசா என்றழைக்க, இரு பெயரும் இணைந்து காமராசர் என்றாயிற்று. அவர் ஆறு வயதுச் சிறுவராய் இருந்தபோதே தந்தையார் மறைந்தார். மகனையும் மகள் நாகம்மாளையும் வளர்க்கும் பொறுப்பு சிவகாமி அம்மையார்மீது விழுந்தது. அவர் தம் நகைகளை விற்றுக் கிடைத்த பொருளைக் கொண்டு குடும்பத்தை நடத்தினார். சத்திரிய வித்தியாசாலையில் பயின்றுவந்த காமராசர், பன்னிரண்டு வயதளவில் படிப்பை நிறுத்தித் தம் மாமனின் துணிக்கடையில் வேலைக்கு அமர்ந்தார்.

கடையில் அவர் துணி அளந்து கொடுத்தார். ஆனால் அவர் உள்ளம் நாட்டு நடப்பை அளந்துகொண்டிருந்தது. 1919ஆம் ஆண்டில் அமிர்தசரசு நகரின் சாலியன்வாலாபாக்கில் படைக்கலம் இல்லாத மக்கள் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி, பதினைந்து வயதினராகிய அவர் நெஞ்சில் தீயை மூட்டிற்று. காங்கிரசுக் கூட்டங்களுக்கு அவர் ஓயாது செல்வதைக் கண்டு அஞ்சிய உறவினர், திருவனந்தபுரத்தில் மரக்கடை வைத்திருந்த மற்றொரு மாமனிடம் அவரை அனுப்பினர். நாட்டுப் பணியினின்று விலக்குவதற்காக அனுப்பப்பட்ட அவரோ, கோவிலைச் சூழ்ந்த தெருக்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் நடக்க உரிமை வேண்டி 1924ஆம் ஆண்டு தொடங்கிய வைக்கம் அறப்போரிலே கலந்துகொண்டார். பின்னர் உறவினர் அவரைத் தடுக்கவும் இயலவில்லை. மணம் செய்துவைக்கவும் இயலவில்லை. அவர் வாழ்நாள் முழுவதும் தனியராகவே வாழ்ந்தார்.

1930ஆம் ஆண்டு இராசாசியின் தலைமையில் வேதாரணியத்தில் நடைபெற்ற உப்பு அறப்போரில் ஈடுபட்ட காமராசர், சிறைத்தண்டனை பெற்று வங்காளத்து அலிப்பூர்ச் சிறைக்கு அனுப்பப்பட்டார். அது முதலாகப் பலமுறை சிறை புகுந்து, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளைச் சிறையிலேயே கழித்தார். பள்ளியில் இழந்த கல்வியை அவர் சிறையிலே தேடிக்கொண்டார். நூல்களும் நாளிதழ்களும் அவருக்கு ஆசிரியர்களாயின. நாவன்மை மிக்க தீரர் சத்தியமூர்த்தி அவருக்கு அரசியல் ஆசானாக விளங்கினார். 1940ஆம் ஆண்டில் காமராசர் தமிழ்நாட்டுக் காங்கிரசுக் குழுவின் தலைவரானபோது, அவ்வாசானே மாணாக்கரின்கீழ்ச் செயலாளராகப் பணியாற்றினார். பதவியின் உயர்வு தாழ்வு கருதாது பணியை மட்டுமே கருதும் பண்பை, ஆசான் தம் வாழ்க்கையாலேயே கற்பித்தார் எனலாம்.

அப்பாடத்தைக் காமராசர் நன்கு கற்றிருந்தார் என்பது விரைவில் விளங்கிற்று. அவர் வேலூர்ச் சிறையில் இருந்தபோதே விருதுநகர் மக்கள் அவரைத் தம் நகர்மன்றத்திற்குத் தேர்ந்தெடுத்தனர். பிறந்த ஊரின் பொறுப்பு என்பது எவரும் விரும்பத்தக்க சிறப்பேயாகும். ஆயினும் விடுதலை பெற்று வெளிவந்த அவர் அப்பொறுப்பினின்று விலகினார். நாட்டு விடுதலைப் பணியில் முழுதும் ஈடுபட்டிருந்த தம்மால் நகர்மன்றப் பணியைச் செவ்வனே செய்ய இயலாது என்று அவர் கருதினார். செய்ய இயலாத பணிக்குரிய பதவியை ஏற்றிருத்தல் தகாது என்பது அவர் துணிபு.

1942ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் பம்பாயில் கூடிய காங்கிரசு, வெள்ளையரை வெளியேறுமாறு முழங்கிற்று. தலைவர்கள் அனைவரும் கைதாயினர். பம்பாயினின்று திரும்பிய காமராசரைப் பிடிக்கக் காவலர் காத்திருந்தனர். அவரோ அரக்கோணத்திலேயே இறங்கி, அவர்கள் கண்ணில் படாமல் ஊர் ஊராகச் சென்று தொண்டர்களைக் கண்டு, செய்ய வேண்டியவற்றைச் சொல்லி முடித்தார். பின்பு விருதுநகருக்கு வந்து, தாம் வீட்டில் இருப்பதாகக் காவல் நிலையத்திற்குத் தாமே செய்தி அனுப்பினார். ஒளிந்தது அச்சத்தினால் அன்று; பணி முடியும்வரை கைகள் கட்டப்படாதிருத்தற்பொருட்டேயாம். அம்முறை அவர் 1945ஆம் ஆண்டு வரை சிறையில் இருந்தார்.

நாடு விடுதலை பெற்றபின், 1954ஆம் ஆண்டு ஏப்பிரல் 13ஆம் நாள் காமராசர் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார். கட்சியின் சட்டமன்றத் தலைவரைத் தேர்ந்தெடுத்தபோது அவரை எதிர்த்துப் போட்டியிட்டவர் சி. சுப்பிரமணியம். வென்றவர் தோற்றவரை ஒதுக்குதல் உலக இயல்பு. காமராசரோ அவரை அமைச்சராக்கி, நிதி, கல்வி ஆகிய பெருந்துறைகளை அவரிடம் ஒப்படைத்தார். ஒடுக்கப்பட்ட மக்களிடையே தோன்றிய பரமேசுவரன் இந்து அறநிலையத் துறைக்கு அமைச்சரானார். கோவில் தெருவில் நடக்கும் உரிமைக்காக வைக்கத்தில் போராடிய இளைஞர், முதலமைச்சரானபின் கோவில்களின் மேற்பார்வையையே அம்மக்களுள் ஒருவரிடம் அளித்தமை எண்ணத்தக்கது. சட்டமன்ற உறுப்பினர் அல்லாதிருந்த காமராசர், குடியாத்தம் இடைத்தேர்தலில் மக்கள்முன் நின்று வென்று மன்றம் புகுந்தார்.

அந்நாளில் தொடக்கப் பள்ளிகளில் 1953ஆம் ஆண்டு முதல் ஒரு புதிய திட்டம் நடைமுறையில் இருந்தது. பிள்ளைகள் அரை நாள் பள்ளியில் பயின்று, எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்பது அதன் கருத்து. தொழிற்பழக்கம் நன்றென அதனை ஆதரித்தோரும் இருந்தனர். குடியானவன் மகன் என்றும் குடியானவனாகவே நின்றுவிடுவானென எதிர்த்தோர் பலர். காமராசர் பதவியேற்ற சில நாள்களிலேயே அத்திட்டம் கைவிடப்பட்டது.

ஆனால் பள்ளி நாள் முழுதும் திறந்திருந்தால் போதுமா? வயிறு காய்ந்த பிள்ளை வகுப்பில் அமராது. அமர்ந்தாலும் ஆசிரியர் கூறுவது அதன் செவியில் ஏறாது. ஒருவேளைக் கஞ்சிக்காக ஆடு மேய்க்கவும் குச்சி அடுக்கவும் சென்ற பிள்ளைகளைச் சட்டத்தால் மட்டும் பள்ளிக்கு அழைத்துவர இயலாது. இவ்வுண்மையை ஏட்டில் படித்தறியாது வாழ்க்கையில் பட்டறிந்தவர் காமராசர். சென்னை நகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் நீதிக்கட்சியின் காலத்திலேயே நண்பகல் உணவு அளிக்கப்பட்டதுண்டு. அதனை நாட்டுப்புறத்துச் சிற்றூர்களுக்கெல்லாம் கொண்டுசெல்ல அவர் எண்ணினார். உலகப் போரினால் நலிந்திருந்த பின்லாந்து நாடு, 1948ஆம் ஆண்டிலேயே பள்ளிப் பிள்ளைகள் அனைவர்க்கும் விலையில்லா உணவு வழங்கத் தொடங்கிவிட்டது. சென்னை மாநிலத்து அரசோ அத்துணைப் பொருள் உடையதன்று. ஆதலின் காமராசர் ஊராரை நாடினார்.

1956ஆம் ஆண்டு முதல் மதிய உணவுத் திட்டம் பரவலாயிற்று. கல்வித்துறையின் தலைமையில் இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அதற்கு உறுதுணையானார். சிற்றூர் மக்கள் அரிசியும் பருப்பும் விறகும் காய்கறியும் பள்ளிக்குக் கொணர்ந்தனர். பின்னர் அரசும் செலவில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டது. 1958ஆம் ஆண்டு முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் கூட்டப்பட்டன. அவற்றில் ஊர்ப் பெரியோர் நிலமும் கட்டடமும் பலகையும் மணியும் அளித்தனர். பள்ளிக்குரிய பொறுப்பில் ஊர் முழுவதும் பங்குகொண்டது. கட்டணமும் படிப்படியாக நீங்கிற்று.

பிற துறைகளையும் அவர் புறக்கணித்தாரல்லர். சாத்தனூர், கிருட்டிணகிரி, அமராவதி, மணிமுத்தாறு, வைகை ஆகிய அணைகள் அவர் ஆட்சிக்காலத்தில் நிறைவெய்தின. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும், திருச்சிராப்பள்ளியில் கொதிகலன் தொழிற்சாலையும், கிண்டியில் தொழிற்பேட்டையும் தோன்றின. 1957, 1962 ஆகிய ஆண்டுகளில் சாத்தூர்த் தொகுதி மக்கள் அவரையே சட்டமன்றத்திற்கு அனுப்பினர்.

இவ்வாறு ஒன்பதரை ஆண்டுகள் ஆட்சி நடத்திய அவரைப் பதவியினின்று விலக்க எவரும் முற்படவில்லை. ஆயினும் கட்சியினர் பலர் பதவியையே பெரிதெனக் கருதத் தொடங்கி, மக்களிடமிருந்து விலகிச் செல்வதை அவர் கண்டார். மூத்த தலைவர்கள் பதவி துறந்து கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்று தலைமை அமைச்சர் நேருவிடம் எடுத்துரைத்தார். பிறர்க்குக் கூறியதைத் தாமே முதலில் செய்து, 1963ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கினார். நடுவண் அமைச்சர் அறுவரும், அவரையும் சேர்த்து மாநில முதலமைச்சர் அறுவரும் அவ்வாறு விலகினர். அது காமராசர் திட்டம் எனப் பெயர் பெற்றது.

1964ஆம் ஆண்டு அவர் அகில இந்தியக் காங்கிரசின் தலைவரானார். அவ்வாண்டு நேரு மறைந்தபோது லால் பகதூர் சாத்திரியும், 1966ஆம் ஆண்டு சாத்திரி மறைந்தபோது இந்திரா காந்தியும் தலைமை அமைச்சராவதற்குக் காமராசரே பெருந்துணையாக நின்றார். தமக்கென அவ்விருக்கையை அவர் நாடவில்லை.

அவருடைய துறவுக்கு விலையும் இருந்தது. அவர் விலகியபின் மாநிலத்தில் அரிசிப் பஞ்சமும், 1965ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியும் எழுந்தன. அவர் உயர்த்தக் கருதிய கட்சியே 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் ஆட்சியை இழந்தது. இருமுறை தலைமை அமைச்சரைத் தேர்ந்தெடுக்கத் துணைநின்ற காமராசர், தாம் பிறந்த விருதுநகரிலேயே சீனிவாசன் என்னும் மாணவர் தலைவரிடம் 1,285 வாக்குகள் வேறுபாட்டில் தோற்றார். தம் ஆட்சியில் பள்ளிகள் பெருகிய மாநிலத்தில், இளைஞர் ஒருவரே அவரை வென்றார். மக்களின் தீர்ப்பை அவர் வெறுப்பின்றி ஏற்றுக்கொண்டார். 1969ஆம் ஆண்டு நாகர்கோவில் மக்கள் அவரை நாடாளுமன்றத்திற்கு அனுப்பினர். அவ்வாண்டே காங்கிரசு இரண்டாகப் பிரிந்தது. கட்சி சிறுத்தபோதும் அவர் தொண்டு சிறுக்கவில்லை.

1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த அந்நன்னாளில், காமராசர் சென்னையில் இயற்கை எய்தினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் முதலமைச்சர் பதவியைத் துறந்ததும் அதே நாளில்தான். அவர் விட்டுச்சென்ற உடைமைகள் சில கதர் ஆடைகளும் நூல்களும் சிறு தொகையுமேயாம். 1976ஆம் ஆண்டு நாடு அவருக்குப் பாரத ரத்னா விருதளித்துப் போற்றியது. அவர் பிறந்த நாள் இன்று பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடப்பெறுகின்றது.

அவர் தொடங்கிய உணவுத் திட்டம் அவரோடு முடியவில்லை. 1982ஆம் ஆண்டு அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022ஆம் ஆண்டு காலை உணவும் தொடங்கப்பெற்றது. கட்சிகள் மாறின, ஆட்சிகள் மாறின, அடுப்பு மட்டும் அணையவில்லை. கரிசல் காட்டுச் சிற்றூர்ப் பள்ளியில் நண்பகல் மணி ஒலிக்க, தட்டேந்தி வரிசையில் நிற்கும் பிள்ளை, ஒரு காலத்தில் குச்சி அடுக்கும் பலகைமுன் அமர்ந்திருக்க வேண்டிய பிள்ளையாகும். பதவி ஒருவரிடம் சில காலமே தங்கும். அவர் செய்த பணியோ மக்களிடம் நெடுங்காலம் தங்கும். அத்தட்டில் விழும் சோறே இதற்குச் சான்றாகும்.