இத்தாலியில் பிறந்த தமிழ்ச் சாமியார்

ஞாயிற்றுக்கிழமை காலை. ஈரோட்டில் ஒரு கத்தோலிக்க வீடு. பாட்டி பேரப்பிள்ளைகளை அவசரப்படுத்துகிறாள். கோயிலுக்கு நேரமாகிவிட்டது. பூசை தொடங்கிவிடும். சாமியார் வருமுன்னே போய் உட்கார வேண்டும்.

கோயில், பூசை, சாமியார். மூன்றும் நம் வீட்டுச் சொற்கள். பக்கத்து வீட்டு மாரியம்மன் பக்தையும் இதே சொற்களைத்தான் சொல்கிறாள். ஒரே தெருவில் இரண்டு மதம். ஆனால் சொல் ஒன்று.

இது தானாக வந்ததல்ல. நானூறு ஆண்டுகளுக்கு முன்னே, கடல் கடந்து வந்த ஒருவர் இதற்காகத் தம் வாழ்நாளையே கொடுத்தார். அவருடைய சொந்தப் பெயர் ராபர்ட் டி நோபிலி. தமிழ்நாடு அவருக்கு இட்ட பெயர் தத்துவ போதகர்.

பிரபு வீட்டுப் பிள்ளை

நோபிலி 1577-ஆம் ஆண்டு இத்தாலி தேசத்தில் பிறந்தார். பெரிய பிரபு குடும்பம். உறவினரில் மதத் தலைவர்கள் உண்டு. வீட்டில் எதற்கும் குறைவில்லை. ஆனால் பிள்ளையின் மனம் துறவில் நின்றது. வீட்டார் தடுத்தனர். அவர் கேட்கவில்லை. இயேசு சபையில் சேர்ந்து பாதிரியாரானார்.

1605-ஆம் ஆண்டு கப்பலில் கோவா வந்து இறங்கினார். அங்கிருந்து கொச்சி, பிறகு முத்துக்குளிக்கும் கடற்கரை. 1606 நவம்பரில் மதுரை வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 29.

மதுரையில் நாயக்கர் ஆட்சி நடந்த காலம் அது. அங்கே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற முதிய பாதிரியார் முன்பே இருந்தார். நல்லவர். ஒரு பள்ளிக்கூடமும் மருத்துவ உதவியும் நடத்தி வந்தார். ஊரார் அவரிடம் மருந்து வாங்கினர். பிள்ளைகளைப் படிக்க அனுப்பினர். ஆனால் 11 ஆண்டுகளில் மதுரைக்காரர் ஒருவர்கூட அவருடைய மதத்தில் சேரவில்லை. கடற்கரையிலிருந்து வந்து போகும் முத்துக்குளிப்போரும் போர்த்துக்கீசியருமே அவருடைய சபை.

நோபிலி காரணத்தைத் தேடினார். காரணம் ஒரு சொல்லில் இருந்தது.

பரங்கி என்ற சொல்

அந்தச் சொல் ‘பரங்கி’. பரங்கிப்பேட்டை என்ற ஊர்ப் பெயரில் அது இன்றும் இருக்கிறது. அக்காலத்தில் போர்த்துக்கீசியருக்கு மக்கள் இட்ட பெயர் அது. பரங்கி என்றால் மாட்டிறைச்சி உண்பவன், குடிப்பவன், ஒழுங்காகக் குளிக்காதவன் என்று ஊரார் எண்ணினர்.

பாதிரியார்களோ அந்தப் பொருளை அறியவில்லை. பரங்கி என்றால் கிறிஸ்தவன் என்று நினைத்துக்கொண்டனர். மதத்தில் சேர வருகிறவரிடம், பரங்கிக் குலத்தில் சேரச் சம்மதமா என்று கேட்பதே வழக்கமாக இருந்தது. கேட்டவர் கடவுளைப் பற்றிக் கேட்டதாக நினைத்தார். கேட்கப்பட்டவருக்கோ, உன் சாதி சனத்தை விட்டு, குளியலை விட்டு, கண்டதையும் தின்னச் சம்மதமா என்று கேட்டதாகவே விழுந்தது.

மற்றச் சொற்களும் அப்படித்தான். வழிபாட்டுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் ‘மிஸ்ஸா’ என்று பெயர். அதை அப்படியே தமிழில் சொன்னார்கள். தமிழ்க் காதில் அது மீசை என்று விழுந்தது. புனிதமான காரியத்தைச் சொல்லும்போது கேட்பவர் தன் மீசையைத் தடவினால் யார் என்ன செய்ய முடியும்?

இதற்கு முன்னும் முயற்சி நடந்ததுண்டு. அண்டிரிக் பாதிரியார் 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற சிறு நூலை அச்சிட்டார். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அது. ஆனாலும் சபையின் பேச்சில் போர்த்துக்கீசியச் சொற்கள் நிறையக் கலந்திருந்தன.

தம்மை மாற்றிக்கொண்டார்

பிறரை மாற்ற வந்தவர் முதலில் தம்மை மாற்றிக்கொண்டார். கறுப்பு அங்கியைக் களைந்தார். காவி உடுத்தினார். காலில் பாதக்குறடு. மாமிசமும் மதுவும் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு வேளை உணவு: சோறு, காய்கறி, பால். தனிக் குடிசையில் துறவியைப் போல வாழ்ந்தார்.

தமிழைப் படித்தார். நாயக்கர் அரண்மனையில் வழங்கிய தெலுங்கைப் படித்தார். சிவதர்மர் என்ற பண்டிதரிடம் வடமொழியும் கற்றார். ஐரோப்பியரில் வடமொழியை ஆழ்ந்து கற்ற முதல்வர்களில் அவர் ஒருவர்.

காவி கட்டிய வெள்ளைக்காரச் சாமியாரைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் அவரிடம் வாதத்துக்கு வந்தார். வாதம் ஒரு நாளில் முடியவில்லை. இருபது நாள் நடந்தது. கடவுள் ஒருவரா, பலரா? உயிர் எங்கிருந்து வந்தது? மறுபிறப்பு உண்டா? எல்லாம் தமிழிலேயே நடந்தது. முடிவில் அந்த ஆசிரியர் அவருடைய சீடரானார். 11 ஆண்டுகளில் நடக்காதது, மொழியைக் கற்றவருக்குச் சில மாதங்களில் நடந்தது.

புதுப் பொருளுக்கு வீட்டுச் சொல்

நோபிலி சில சொற்களைப் புதிதாக ஆக்கினார். பல சொற்களை மக்களின் வாயிலிருந்தே எடுத்தார். அவற்றில் சிலவற்றைப் பார்ப்போம்.

கடவுளுக்கு அவர் வைத்த பெயர் ‘சர்வேசுரன்’. சர்வம் என்றால் எல்லாம். ஈசுவரன் என்றால் ஆள்பவன். ஓர் ஊருக்கோ ஒரு குலத்துக்கோ மட்டும் சொந்தமான சாமி அல்ல. எல்லாவற்றையும் ஆள்பவர் என்று அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

‘ஞானஸ்நானம்’ என்பது மதத்தில் சேரும்போது தலையில் தண்ணீர் ஊற்றும் சடங்கு. நல்ல காரியத்துக்கு முன்னே குளிப்பது நம் வழக்கம். பவானி கூடுதுறையில் மூழ்கி எழுகிறவர் எல்லாரும் உடம்பின் அழுக்கை மட்டும் நினைத்து மூழ்குவதில்லை. ஸ்நானம் என்றதும் தமிழனுக்கு அது புரிந்தது. இது அறிவைக் கழுவும் குளியல் என்பதைக் காட்ட, முன்னே ஞானம் என்ற சொல்லைச் சேர்த்தார்கள்.

‘கோயில்’ என்றால் கோவின் இல். அதாவது அரசனின் வீடு. வழிபாட்டு இடத்துக்கு இதைவிட எளிய சொல் எது? ‘குரு’ என்றால் வழிகாட்டும் ஆசான். ‘பூசை’ என்றால் வழிபாடு. இவற்றுக்கு அகராதி தேவையில்லை.

மிகக் கடினமானது, கடவுள் மனிதனுக்கு இலவசமாகத் தரும் துணையைக் குறிக்கும் சொல். போர்த்துக்கீசியர் அதைக் ‘கிராசா’ என்பர். தமிழில் ‘அருள்’ என்றும் ‘பிரசாதம்’ என்றும் சொன்னபோது எல்லாம் விளங்கிற்று. கூலி வேறு, பிரசாதம் வேறு. கூலியை வேலைக்குத் தக்கபடி அளந்து கொடுப்பார்கள். தறியில் எத்தனை முழம் நெய்தாயோ அத்தனைக்குத்தான் காசு. பிரசாதம் அப்படியல்ல. கை நீட்டினவருக்கெல்லாம் உண்டு. பணக்காரனுக்கு ஒரு கை, ஏழைக்கு ஒரு கை. அதற்கு விலை இல்லை. வாங்க மனம் வேண்டும். ஒரு பெரிய தத்துவம் ஒரு பிடி பொங்கலில் அடங்கிவிட்டது.

சொல் வந்தவுடன் நூல் வந்தது. ‘ஞானோபதேசம்’, ‘ஆத்தும நிர்ணயம்’, ‘தூஷண திக்காரம்’ முதலிய நூல்களை அவர் உரைநடையில் எழுதினார். செய்யுளே புலமை என்று இருந்த காலம் அது. தமிழ் உரைநடைக்கு ஆரம்பத்தில் பாதை போட்டவர்களில் அவருக்கு இடம் உண்டு.

சொந்த வீட்டிலேயே எதிர்ப்பு

எதிர்ப்பு வெளியிலிருந்து வந்ததைவிட உள்ளிருந்தே அதிகம் வந்தது. பெர்னாண்டஸ் பாதிரியார் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். காவியும் பூணூலும் சந்தனமும் பிற மதச் சின்னங்கள் என்பது குற்றச்சாட்டு. செய்தி ரோமாபுரி வரை போயிற்று. உறவினரான கர்தினால் பெல்லார்மினே, இவர் மதம் மாறிவிட்டாரோ என்று கலங்கினார். விளக்கம் கேட்ட பிறகே தெளிந்தார்.

1619-ஆம் ஆண்டு கோவாவில் பெரிய சபை கூடியது. நோபிலி நேரில் போய் வாதாடினார். ஆடையும் குளியலும் நாட்டு வழக்கங்கள். அவற்றை விடச் சொல்வது மதம் அல்ல என்பது அவர் கட்சி. கோவாவின் பேராயர் ஏற்கவில்லை. வழக்கு ரோமாபுரிக்குப் போனது. 1623 ஜனவரி 31-ல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரியார் தீர்ப்புச் சொன்னார். நோபிலி கேட்ட வழக்கங்களுக்கு அனுமதி கிடைத்தது. பதின்மூன்று ஆண்டுப் போராட்டம் முடிந்தது.

நம் பக்கம் வந்தார்

அனுமதி வந்த அதே 1623-ல் அவர் மதுரையை விட்டு வடக்கே கிளம்பினார். திருச்சி, சேந்தமங்கலம் வழியாகச் சேலம் வந்தார். சேலத்தில் அவருக்கு வீடு கொடுக்க ஆளில்லை. பொதுச் சத்திரத்தில் பல நாள் கிடந்தார். உடம்பும் கெட்டது. ஆனாலும் திரும்பிப் போகவில்லை. சேலத்திலும் மோரமங்கலத்திலும் சீடர்கள் சேர்ந்தனர். அவர் வெட்டிய பாதையில் பின்னே வந்தவர்கள் அதே நூற்றாண்டில் நம் சத்தியமங்கலத்திலும் மிஷன் நிலையம் அமைத்தனர். கொங்கு நாட்டுக் கத்தோலிக்க சபையின் வேர் அங்கே இருக்கிறது.

இடிக்காத சுவர்

அவருடைய வாழ்க்கையில் ஒரு குறையும் உண்டு. அதை மறைப்பது நியாயமல்ல. உயர்குலத்தாரை அணுகுவதற்காக அவர் சாதி வேற்றுமையை ஊர் வழக்கம் என்று ஒப்புக்கொண்டார். தாழ்த்தப்பட்டவர்களோடு நேராகக் கலந்து பழகவில்லை. அவர்களுக்கென்று பண்டாரச் சாமிகள் என்ற வேறு குருமார் பின்னால் ஏற்பட்டனர். எல்லாருக்கும் ஒரே கடவுள் என்று சர்வேசுரன் என்ற சொல் கூறியது. ஆனால் அந்தச் சர்வேசுரனைக் கும்பிட வந்தவர்கள் தனித்தனியே நின்றனர். சொல்லின் சுவரை இடித்தவர் சாதியின் சுவரை இடிக்கவில்லை. அந்தச் சுவரோடு பிற்காலத்தார் நெடுங்காலம் போராட வேண்டியதாயிற்று. போராட்டம் இன்னும் முடியவில்லை.

கண் போனது, கை நிற்கவில்லை

1640-ஆம் ஆண்டு நோபிலி சிறைவாசமும் கண்டார். முதுமையில் கண் பார்வை மங்கிற்று. மேலிடம் அவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பியது. பிறகு சென்னை மயிலாப்பூர். அங்கும் ஒரு குடிசை, அதே எளிய உணவு. கண் தெரியாத நிலையிலும் அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினர். 1656 ஜனவரி 16-ல் அங்கேயே உயிர் துறந்தார். வயது 78. இந்தியாவுக்கு வந்து ஐம்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. சொந்த நாட்டை அவர் திரும்பப் பார்க்கவில்லை.

அவர் காலத்தில் பூசை என்ற பெயர்தான் தமிழ்; பூசையின் மந்திரமெல்லாம் லத்தீன். 1960-களில் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகே பூசை முழுதும் தமிழில் வந்தது. அதன்பின் சொற்களும் மாறின. பூசை திருப்பலி ஆயிற்று. ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆயிற்று. சர்வேசுரன் இறைவன் ஆனார். நோபிலி எடுத்த சொற்களில் வடமொழி மிகுதி. அன்று கற்றவர் மதித்த மொழி அது. இன்று மக்களுக்கு நல்ல தமிழ் இனிக்கிறது.

இதனால் அவர் தோற்றுவிட்டாரா? இல்லை. கேட்பவரின் வீட்டுச் சொல்லில் பேச வேண்டும் என்பதுதான் அவர் காட்டிய வழி. வீடு மாறும்போது சொல்லும் மாறும்.

ஈரோட்டுப் பாட்டி இன்னும் பூசை என்கிறாள். பள்ளிக்கூடம் போகும் பேத்தி திருப்பலி என்கிறாள். ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாகப் புரிகிறது. இரண்டு பேரும் ஒரே கோயிலுக்குத்தான் போகிறார்கள்.