பெண்களிடம் ஓதிய இமாம்

மதரஸாவில் ஓதிய நாட்களில் இமாம் இப்னு ஹஸ்ம் (ரஹ்) என்றாலே நமக்கு அவருடைய கடுமையான பேச்சுதான் நினைவுக்கு வரும். அந்த நாவை ஹஜ்ஜாஜின் வாளோடு ஒப்பிட்டு உஸ்தாதுமார்கள் சொல்வார்கள். அந்த நாவுக்குக் குர்ஆனைக் கற்றுக்கொடுத்தவர்கள் பெண்கள் என்பதைக் கல்லூரிக்குப் போன பிறகே நாம் படித்தோம்.

ஹிஜ்ரி 384 (கி.பி. 994) ரமளானில் ஸ்பெயினின் குர்துபா நகரில் இமாம் பிறந்தார். தந்தை அஹ்மத், அன்று ஆட்சியைக் கையில் வைத்திருந்த அல்மன்ஸூரின் அமைச்சர். செல்வம் நிறைந்த அந்த வீட்டில் பெண்கள் இருந்த பகுதியிலேயே சிறுவர் வளர்ந்தார். அவர்கள் குர்ஆன் ஓதிக்கொடுத்தார்கள், ஏராளமான கவிதைகளைச் சொல்லிக்கொடுத்தார்கள், கையெழுத்துப் பழக்கினார்கள். மீசை அரும்பும் பருவம் வரை ஆண்களோடு அமர்ந்து பழகியதில்லை என்று 'தவ்குல் ஹமாமா' நூலில் அவரே எழுதுகிறார். அபூ அலீ அல்ஃபாஸீ என்ற பேணுதலுள்ள ஆசிரியரின் தோழமை அதற்குப் பிறகுதான் கிடைத்தது.

பெண்களோடு வளரும் பையன் கோழையாவான் என்று நம் வீடுகளில் இன்றும் சொல்கிறோம். இந்தப் பையனுக்கு வந்த சோதனைகளைப் பாருங்கள். 1009-இல் உள்நாட்டுக் குழப்பம் வெடித்தது. 1012-இல் தந்தை வஃபாத்தானார். மறு ஆண்டே ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. பிறகு சிறைவாசம். பிற்காலத்தில் இஷ்பீலியாவில் அவருடைய நூல்களை எரித்தார்கள். அவர் எழுதுவதை நிறுத்தவில்லை.

 பெண்களின் இரகசியங்களை அருகிலிருந்து பார்த்த இமாம், அவர்களைப் பற்றிய சந்தேகம் தம் இயல்பிலேயே இருந்ததை மறைக்கவில்லை. ஆனால் மன இச்சையை அடக்கும் ஆற்றல் ஆண்களுக்கே உண்டு என்ற பேச்சை அவர் ஏற்கவில்லை. இருபாலரும் அதில் சமம் என்றார். மார்க்கச் சட்டம் கற்பது பெண்ணுக்கும் கடமை, கற்றவள் எடுத்துச் சொன்னால் ஏற்க வேண்டும் என்றார். மர்யம் (அலை), மூஸா (அலை) அவர்களின் தாயார் போன்றோருக்கு நுபுவ்வத் உண்டு என்றும் வாதிட்டார். பெரும்பாலான உலமாக்கள் இதை ஏற்கவில்லை. வசனத்தின் வெளிப்படையான பொருளைப் பிடிக்கும் அவருடைய ழாஹிரி வழியும் இம்முடிவுகளுக்குக் காரணம்தான். ஆனாலும் சிறுவயதின் தடம் இல்லை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

ஹிஜ்ரி 456-இல் (1064) இமாம் மறைந்தார். தந்தை கைப்பட எழுதியவை ஏறத்தாழ 400 தொகுதிகள், 80,000 தாள்கள் என மகன் ஃபழ்ல் கணக்குச் சொன்னார். அந்தக் கைக்கு எழுத்துப் பழக்கிய பெண்களின் பெயர்களை இமாம் எழுதிவைக்கவில்லை.