சர்வேசுரனின் பிள்ளை தேவசகாயம்



ஞானஸ்நானத் தண்ணீர் நம் தலைமேல் ஊற்றப்பட்டபோதே நாம் சர்வேசுரனுடைய பிள்ளைகளானோம். ஞானஸ்நானம் பெற்ற யாவருக்கும் உடன்பிறப்புகளானோம். சிறு வயதில் ஞானோபதேச வகுப்பில் நாமெல்லாரும் மனப்பாடமாய்ச் சொன்ன பாடம் இது. நாம் வாயால் சொன்ன இந்தச் சத்தியத்தைத் தம் உயிரைக் கொடுத்துக் கைக்கொண்டவர் ஒருவர் நம் மண்ணிலேயே வாழ்ந்தார். அவரே அர்ச்சியசிஷ்ட தேவசகாயம்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நட்டாலம் என்னும் ஊரில் 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். தந்தை நம்பூதிரி, தாய் நாயர் குலத்தவர். தாய்வழி மரபுப்படி மாமன் வீட்டில் வளர்ந்து, கல்வியும் போர்ப் பயிற்சியும் பெற்று, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் அலுவலரானார். மேக்கோட்டைச் சேர்ந்த பார்கவி அம்மாளை மணந்தார். குலப்பெருமை, அரச தயவு, செல்வம் ஆகிய மூன்றும் அவருக்கு இருந்தன.

1741-இல் குளச்சல் போரில் டச்சுக்காரர் தோற்றனர். அவர்களுடைய படைத்தலைவர்களில் ஒருவரான டிலனாய் பிடிபட்டார். பின்பு மன்னரின் நம்பிக்கையைப் பெற்று, திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி கொடுக்கும் தலைவரானார். இவர் கத்தோலிக்கர். நீலகண்டனுக்கு இவருடைய நட்புக் கிடைத்தது. அந்நாளில் நீலகண்டன் வீட்டில் நஷ்டத்தின்மேல் நஷ்டம் வந்து, அவர் மனம் சோர்ந்திருந்தார். டிலனாய் அவருக்கு யோபுவின் சரித்திரத்தை எடுத்துச் சொன்னார். மக்களையும் மந்தைகளையும் இழந்து, உடலெல்லாம் புண்ணாகி, சாம்பலில் உட்கார்ந்தபோதும் தெய்வபயத்தை விடாத அந்த மனிதனின் கதை நீலகண்டனின் உள்ளத்தைத் தொட்டது. துன்பத்திலும் கைவிடாத சர்வேசுரனை அறிய வேண்டுமென்ற தாகம் அவருக்குள் எழுந்தது.

1745-ஆம் ஆண்டு மே மாதம், ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பாலுள்ள வடக்கன்குளத்தில் சேசுசபைக் குருவானவர் புத்தாரி சுவாமியார் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். லாசர் என்ற பெயரின் பொருள் தமிழில் தேவசகாயம் என்று வழங்கிற்று. அவர் மனைவியும் சத்தியவேதத்தில் சேர்ந்து, தெரேசா என்ற பெயரைத் தமிழில் ஞானப்பூ என்று பெற்றார்.

இதுவரையில் நடந்ததை அரண்மனை ஒருவேளை பொறுத்திருக்கும். ஆனால் தேவசகாயம் தாம் பெற்ற ஞானஸ்நானத்தை வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. சர்வேசுரன் எல்லாருக்கும் தகப்பனென்றால், அவருடைய பிள்ளைகளுக்குள் தீண்டத்தகாதவன் எப்படி இருக்கக்கூடும்? அக்காலத்தில் தாழ்ந்தவரென்று ஒதுக்கப்பட்டு, எதிரே வருவதற்கும் அஞ்சியிருந்த மக்களோடு அவர் தாராளமாய்ப் பழகினார். மனிதர் அனைவரும் சமம் என்று போதித்தார். அது மேல்குலத்தாரின் கோபத்தை மூட்டிற்று. அரசத் துரோகம் முதலான குற்றங்கள் அவர்மேல் சாட்டப்பட்டன. பதவி பறிபோனது. 1749 பிப்ரவரியில் அவர் சிறைப்பட்டார்.

அதன்பின் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. எருமையின்மேல் ஏற்றி ஊர் ஊராய் இழுத்துச் சென்றார்கள்; அடித்தார்கள்; புண்களில் மிளகாய்ப்பொடி தடவி வெயிலில் நிறுத்தினார்கள். விசுவாசத்தை விட்டால் பழைய வாழ்வு திரும்பக் கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆயினும் அவர் அசையவில்லை. அவமானப்படுத்த இழுத்துச் சென்ற வழியெல்லாம் எளிய ஜனங்கள் அவரைத் தேடி வந்து ஆறுதல் பெற்றார்கள். தெய்வபயம் நிறைந்த உள்ளத்தில் மனித பயத்துக்கு இடமில்லாமற் போயிற்று.

1752-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழியிலுள்ள காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். காட்டில் கிடந்த எலும்புகளை விசுவாசிகள் சேகரித்து, கோட்டாறு அர்ச். சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். 2012 டிசம்பர் 2-ஆம் நாள் நாகர்கோவிலில் அவருக்கு முத்திப்பேறு பட்டமும், 2022 மே 15-ஆம் நாள் உரோமையில் பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களால் அர்ச்சியசிஷ்ட பட்டமும் வழங்கப்பட்டன. துறவறம் பூணாத இல்லறத்தாராகிய இந்தியருள் இப்பட்டம் பெற்றவர்களில் அவரே முதலாமவர். தலைமுறை தலைமுறையாக நாம் தேவசகாயம் பிள்ளை என்றே சொல்லி வந்தோம். திருச்சபை உலகறிய அறிவித்த பெயரிலோ சாதிப் பட்டம் இல்லை. அவர் பிள்ளையானது குலத்தினாலன்று, ஞானஸ்நானத்தினால்.

பிரியமானவர்களே, நம்மைத் தலைகுனிய வைக்கும் செய்தியையும் சொல்லியாக வேண்டும். அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் எழுந்த ஆலயத்துக்குள், ஒரே பீடத்தை நோக்கி முழந்தாளிட்ட கிறிஸ்தவர்களைச் சாதிவாரியாய்ப் பிரிக்கச் சுவர் வைத்தார்கள். 1910-இல்தான் அது இடிக்கப்பட்டது. கல்லால் கட்டிய சுவர் போய்விட்டது. கலியாணப் பேச்சில், கல்லறைத் தோட்டத்தில், திருநாள் தேர் எந்தத் தெருவுக்குப் போகலாம் என்ற வழக்கில் எழும்பும் சுவர்கள் போய்விட்டனவா? அர்ச்சியசிஷ்டரின் சுரூபத்துக்கு மாலை போட்டுவிட்டு, அவர் எதற்காக இரத்தம் சிந்தினாரோ அதை வாசலிலேயே நிறுத்தி வைத்தால், அந்த மாலையை அவர் எப்படி ஏற்றுக்கொள்வார்?

ஆகையால் இந்த வாரம் ஒவ்வொரு குடும்பமும் ஒரு காரியம் செய்யட்டும். நம் பங்கில் இதுவரை நீங்கள் கைநனைக்காத ஒரு வீட்டாரை உங்கள் வீட்டுக்கு அழைத்து, ஒரே பந்தியில் அமர்ந்து சாப்பிடுங்கள். அவர்கள் அழைத்தால் நீங்களும் போய்ச் சாப்பிடுங்கள். பிள்ளைகள் இதைக் கண்ணால் பார்க்கட்டும். ஞானோபதேசப் பாடம் அவர்களுக்கு அப்போதுதான் விளங்கும்.

வேதசாட்சியான அர்ச்சியசிஷ்ட தேவசகாயம் நம் பங்குக் குடும்பங்களுக்காக மன்றாடுவாராக.