பனிக்குள் உறங்கும் விஞ்ஞானி

புவியியல் பாடத்தில் அல்பிரட் வெகனர் என்ற பெயரை நாம் அனைவரும் படித்திருக்கின்றோம். கண்டங்கள் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்து பின்னர் விலகிச் சென்றன என்று கூறியவர் அவர். ஆனால் அவர் தமது வாழ்நாளில் பெரிதும் நேசித்ததும், இறுதியில் தமது உயிரைக் கொடுத்ததும் பனிக்காகவே என்பது பலருக்குத் தெரியாது.

1880 நவம்பர் 1ஆம் திகதி ஜேர்மனியின் பேர்லின் நகரில் வெகனர் பிறந்தார். தந்தை மதபோதகர், அநாதைச் சிறுவர்களுக்கான இல்லமொன்றை நடத்தியவர். வெகனர் 1905இல் வானியலில் கலாநிதிப் பட்டம் பெற்றாலும், அவரது மனம் காற்றையும் வானிலையையும் நாடியது. 1906இல் தமையன் கேர்ட்டுடன் பலூனில் ஏறி 52 மணித்தியாலங்களுக்கு மேல் வானில் தங்கி உலக சாதனை படைத்தார்.

அதே ஆண்டு டென்மார்க் ஆய்வுக் குழுவொன்றுடன் முதன்முறையாகக் கிறீன்லாந்துக்குச் சென்றார். அப்பயணத்தில் குழுத் தலைவர் உட்பட மூவர் பனியில் மாண்டனர். அந்த இழப்பைக் கண்ட பின்னரும் 1912இல் அவர் மீண்டும் சென்றார். நால்வர் கொண்ட அக்குழு பனிவிரிப்பின் மேலேயே குளிர்காலத்தைக் கழித்து, 1913இல் மட்டக் குதிரைகளுடன் தீவைக் குறுக்காகக் கடந்தது. ஊர் திரும்பியதும், காலநிலை அறிஞர் கொப்பனின் மகள் எல்சாவை மணந்தார்.

1915இல் வெளிவந்த அவரது கண்டப்பெயர்ச்சி நூலை அறிஞர் பலர் ஏற்க மறுத்தனர். அவர் சோர்ந்துவிடவில்லை. 1924இல் மாமனாருடன் சேர்ந்து பண்டைக் காலநிலைகள் பற்றி நூலொன்றை வெளியிட்டார். பனியுகங்கள் ஏன் வந்து சென்றன என்ற வினா அவரை விடவில்லை.

விடை தேடி 1930இல் பெரியதொரு குழுவுக்குத் தலைமை தாங்கிக் கிறீன்லாந்து சென்றார். கரையிலிருந்து 400 கிலோமீற்றர் உள்ளே, ஏறத்தாழ 3000 மீற்றர் உயரத்தில், நடுப்பனி எனப் பொருள்படும் ஐஸ்மிற்றே நிலையம் அமைக்கப்பட்டது. ஆனால் துறைமுகத்தை அடைத்திருந்த கடற்பனியால் ஒரு மாதத்துக்கும் மேல் வீணாகியது. நடுநிலையத்தில் இருந்த இருவருக்கும் போதிய எரிபொருளும் உணவும் போய்ச் சேரவில்லை.

அவர்களைக் கைவிட வெகனருக்கு மனம் வரவில்லை. செப்டெம்பர் பிற்பகுதியில் தோழர் லோவே, 13 கிறீன்லாந்து வாசிகள் ஆகியோருடன் நாய்வண்டிகளில் புறப்பட்டார். கடுங்குளிர் தாங்காமல் ஒருவரைத் தவிர ஏனைய கிறீன்லாந்து வாசிகள் திரும்பிவிட்டனர். எஞ்சியவர் ரஸ்மஸ் வில்லும்சன் என்ற இளைஞர். மறை 50 பாகையையும் தாண்டிய குளிரில், ஒக்டோபர் 30ஆம் திகதி மூவரும் நிலையத்தை அடைந்தனர். லோவேயின் கால்விரல்கள் குளிரில் விறைத்து அழுகியதால் பின்னர் வெட்டி அகற்றப்பட்டன.

அங்கிருந்த உணவு ஐவருக்குப் போதாது. எனவே நவம்பர் 1ஆம் திகதி, தமது ஐம்பதாவது பிறந்தநாளன்று, வெகனரும் ரஸ்மஸும் கரையை நோக்கித் திரும்பினர். இருவரும் போய்ச் சேரவில்லை.

1931 மே மாதத்தில், பாதி வழியில் நாட்டப்பட்டிருந்த பனிச்சறுக்குக் கட்டைகளின் அடியில் வெகனரின் உடல் கண்டெடுக்கப்பட்டது. ரஸ்மஸ் அதனை மரியாதையுடன் துணியில் சுற்றித் தைத்து அடக்கம் செய்திருந்தார். அந்த இளைஞரோ அவர் எடுத்துச் சென்ற நாட்குறிப்போ இன்றுவரை கிடைக்கவில்லை. கணவரின் உடல் பனியிலேயே இருக்கட்டும் என எல்சா விரும்பினார்.

நிலையத்தில் எஞ்சிய மூவரும் பனியைக் குடைந்த குகையில் உயிர் தப்பினர். அவர்களுள் ஒருவரான சோர்கே 15 மீற்றர் ஆழக் கிணறு வெட்டி, ஆண்டுக்கு ஆண்டு விழுந்த பனிப் படைகளை எண்ணினார். புதிய பனி பஞ்சுபோல் இலேசானது. அதன்மேல் அடுத்தடுத்த ஆண்டுகளின் பனி விழ, பாரத்தால் அது நெருங்கி இறுகுகின்றது. பல பத்து மீற்றர் ஆழத்தில் துகள்களுக்கிடையேயான காற்று குமிழிகளாகச் சிறைப்பட, அது கட்டிப் பனியாகின்றது. பிற்கால விஞ்ஞானிகள் இன்னும் ஆழமாகத் துளையிட்டு, அக்குமிழிகளிலிருந்து பண்டைய வளிமண்டலத்தின் காபனீரொட்சைட்டு அளவை அறிந்தனர். அந்தாட்டிக்கப் பனியில் எட்டு இலட்சம் ஆண்டுகளின் பதிவு கிடைத்துள்ளது. இன்றைய அளவு அக்காலம் முழுவதிலும் இருந்ததைவிட அதிகம்.

பனிவிரிப்பு ஒரு வரவு செலவுக் கணக்கைப் போன்றது. விழும் பனி வரவு. உருகுவதும் கடலில் உடைந்து வீழ்வதும் செலவு. புவி வெப்பமடைவதால் கிறீன்லாந்தில் இன்று செலவே மிகுந்துள்ளது. அங்குள்ள பனி முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் ஏழு மீற்றர் அளவில் உயரும். அதற்குப் பல நூற்றாண்டுகள் செல்லலாம். ஆயினும் சிறிதளவு உயர்வே நம் தீவின் தாழ்ந்த கரையோரங்களை அரிக்கப் போதுமானது.

வெகனரின் மேலும் ஆண்டுதோறும் பனி விழுந்து படையாகின்றது. இன்று அவர் ஆழத்தில், தாம் ஆராய விரும்பிய அதே பனியின் ஒரு பகுதியாகி, அதனுடன் மெல்ல மெல்லக் கடலை நோக்கி நகர்கின்றார். கண்டங்கள் நகர்வதை உலகம் ஏற்க, அவர் இறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. பனி சொல்லும் செய்தியை ஏற்பதற்கும் அவ்வளவு காலம் தாமதிக்க நம்மால் இயலாது.