நாலு பாட்டரியில் 15 மணி நேரம்
கேம் பாய் கருவியை உருவாக்கிய குன்பெய் யோகோய்

ஊருக்குப் போகும் ரெயிலில் இப்போது இடத்துக்கு நடக்கும் சண்டையை விட, செல்போனுக்கு சார்ஜ் போடும் பிளக்குக்கு நடக்கும் சண்டைதான் அதிகம். இரண்டு மணி நேரம் விளையாடினால் பாட்டரி படுத்து விடுகிறது.

இந்தத் தொல்லையை 30 ஆண்டுகளுக்கு முன்பே யோசித்துப் பார்த்த மனிதர் ஒருவர் ஜப்பானில் இருந்தார். அவர் பெயர் குன்பெய் யோகோய். உலகம் முழுவதும் விற்ற "கேம் பாய்" என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை உருவாக்கியவர். கருவியின் பெயர் பட்டிதொட்டி எல்லாம் தெரியும். அவர் பெயர் அத்தனை பேருக்குத் தெரியாது.

சீட்டுக்கட்டு கம்பெனியில் வேலை

யோகோய் 1941-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி கியோட்டோ நகரில் பிறந்தார். அதே ஊரில் உள்ள தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படித்தார். 1965-ம் ஆண்டு நிண்டெண்டோ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்.

அப்போது நிண்டெண்டோ விளையாட்டுக் கருவி செய்யும் கம்பெனி அல்ல. 1889-ம் ஆண்டு முதல் சீட்டுக்கட்டு அச்சடித்து விற்று வந்த கம்பெனி. யோகோய்க்குக் கிடைத்த வேலை, சீட்டு தயாரிக்கும் எந்திரங்கள் பழுதாகாமல் பார்த்துக் கொள்வது. எந்திரம் ஒழுங்காக ஓடினால் அவருக்கு வேலையே இல்லை.

பொழுது போகாமல், இழுத்தால் நீளுகிற, விட்டால் சுருங்குகிற மரக்கை ஒன்றைச் செய்து விளையாடிக் கொண்டிருந்தார். தொழிற்சாலையைச் சுற்றி வந்த முதலாளி ஹிரோஷி யமவுச்சி இதைப் பார்த்து விட்டார். பிறகு அறைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. சீட்டு கிழிந்தது என்று எண்ணிக் கொண்டு போனார் யோகோய். அதையே விளையாட்டுச் சாமானாகச் செய்து கொடு என்று உத்தரவு கிடைத்தது. 1966-ம் ஆண்டு "அல்ட்ரா ஹேண்ட்" என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. சுமார் 12 லட்சம் விற்றது. வேலை நேரத்தில் விளையாடியதற்காகப் பதவி உயர்வு பெற்றவர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்!

1969-ம் ஆண்டு "லவ் டெஸ்டர்" செய்தார். ஓர் ஆணும் பெண்ணும் கையைக் கோர்த்துக் கொண்டு, ஆளுக்கு ஒரு உலோக உருண்டையைப் பிடிக்க வேண்டும். உடம்பு வழியாகப் பாயும் சிறு மின்சாரத்தை அளந்து முள் நகரும். அதுதான் காதலின் அளவாம்! உள்ளே இருந்தது மின்சாரம் அளக்கும் சாதாரண மீட்டர்தான். அடுத்த ஆண்டு, சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் செல்லைக் குறிபார்க்கும் பலகையில் வைத்து, ஒளித் துப்பாக்கி விளையாட்டு வந்தது. துப்பாக்கியின் வெளிச்சம் செல்லில் பட்டால் இலக்கு விழும்.

இவற்றில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட பொருள் எதுவும் இல்லை. பல காலம் பயன்பட்டு, குறை நிறை தெரிந்து, விலையும் இறங்கிவிட்ட பொருளை எடுப்பார். யாரும் நினைக்காத இடத்தில் வைப்பார். கடைசி வரை அவர் வழி இதுவாகவே இருந்தது.

புல்லட் ரெயிலில் கண்ட காட்சி

1970-களின் பிற்பகுதியில் ஒரு நாள் யோகோய் புல்லட் ரெயிலில் போய்க் கொண்டிருந்தார். பக்கத்தில் ஓர் ஆபீஸ்காரர். பொழுது போகவில்லை. கையில் இருந்த கால்குலேட்டரின் பொத்தான்களைக் காரணம் இல்லாமல் தட்டிக் கொண்டே இருந்தார். பெரியவர்களும் அடுத்தவர் கண்ணில் படாமல் மடியில் வைத்து விளையாட ஒரு சிறு கருவி இருந்தால் என்ன என்று யோகோய்க்குத் தோன்றியது.

இந்த யோசனை முதலாளி காதுக்குப் போனதும் ஒரு தற்செயல்தான். முதலாளியின் டிரைவருக்கு அன்று உடம்பு சரியில்லை. காரோ இடது பக்கம் ஸ்டியரிங் உள்ள வெளிநாட்டுக் கார். அதை ஓட்டத் தெரிந்தவர் யோகோய். சும்மா ஓட்டிக் கொண்டு போவானேன் என்று வழியில் தன் யோசனையைச் சொன்னார். யமவுச்சி பதில் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அன்றைய கூட்டத்தில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர் ஷார்ப் கம்பெனித் தலைவர். பேச்சு அங்கேயே தொடங்கிவிட்டது.

ஷார்ப் அப்போது கால்குலேட்டர் விற்பனையில் கடும் போட்டியில் இருந்தது. கால்குலேட்டர் விலை தரைமட்டத்துக்கு வந்திருந்தது. அதன் திரையும் சில்லும் மலிவாகக் கிடைத்தன. அந்தத் திரையில் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே திரவப் படிகம் இருக்கும். மின்சாரம் தொட்ட இடம் மட்டும் கருப்பாகத் தெரியும். தானாக வெளிச்சம் விடுவதில்லை என்பதால் அது தின்னும் மின்சாரம் மிகமிகக் குறைவு. கால்குலேட்டரில் எண் தெரியும் இடத்தில் பந்து, கை, கால் என்று படங்களை வைத்தார் யோகோய். 1980-ம் ஆண்டு ஏப்ரலில் "கேம் அண்ட் வாட்ச்" வந்தது. கைக்கடிகாரத்தில் போடுவது போன்ற பட்டன் பாட்டரியே அதற்குப் போதும். 4 கோடிக்கு மேல் விற்றது. 1990-களில் நம் ஊர்க் கடைகளில் தொங்கிய "பிரிக் கேம்" பலருக்கு நினைவிருக்கும். அதன் திரையும் இதே வகைதான்.

1982-ம் ஆண்டு வந்த மடக்குகிற மாடலில் இன்னொரு சங்கதி. நீட்டிக் கொண்டிருக்கும் குச்சி போன்ற பிடி இருந்தால் மூடி மூடாது. சட்டைப் பைக்கும் ஆகாது. அதற்குப் பதிலாகச் சிலுவை வடிவத்தில் தட்டையான பொத்தான் வைத்தார். மேலே, கீழே, இடது, வலது எல்லாம் ஒரே கட்டை விரலில். இன்றும் விளையாட்டுக் கருவிகளில் இருக்கிறதே, அந்தப் பொத்தான்தான்.

கேம் பாயின் உள்ளே

கேம் அண்ட் வாட்ச் ஒவ்வொன்றிலும் ஒரு விளையாட்டுதான். விளையாட்டை மாற்றிப் போடும்படி ஒரு கருவி செய்யும் வேலை, 1980-களின் பிற்பகுதியில் யோகோயின் பிரிவில் நடந்தது. சதோரு ஒகாடா என்ற என்ஜினீயர் இதில் அவருக்குப் பெரிய துணை.

திரையில்தான் கண்டம் வந்தது. தயாரான திரையை முதலாளியிடம் காட்டினார்கள். நேராகப் பார்த்தால் படம் தெரிந்தது. சற்றுச் சாய்த்தால் ஒன்றும் தெரியவில்லை. இதை விற்க முடியாது என்று சொல்லிவிட்டார் யமவுச்சி. யோகோய்க்குத் தூக்கம் போயிற்று. பிறகு, சாய்த்தாலும் படம் தெரிகிற வேறு வகைத் திரவப் படிகத் திரை கிடைத்தது. கருவி பிழைத்தது.

1989-ம் ஆண்டு ஏப்ரல் 21-ந் தேதி கேம் பாய் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. விலை 12,500 யென்.

பின்மூடியைக் கழற்றினால் உள்ளே அதிகம் ஒன்றும் இல்லை. முன் பாதியில் திரையோடு ஒரு சர்க்யூட் போர்டு, பின் பாதியில் மூளையோடு ஒன்று. நடுவே பட்டையான ஒரு கேபிள். மூளை, ஷார்ப் செய்த 8 பிட் சில்லு. 1970-களில் வந்த சில்லுகளின் வழியில் செய்தது. வேகம் சுமார் 4 மெகாஹெர்ட்ஸ். வேலை நினைவகம் 8 கிலோபைட். திரையில் குறுக்கே 160 புள்ளி, நெடுக்கே 144 புள்ளி. நிறம் கிடையாது, சாயல் நாலுதான். திரைக்குப் பின்னால் விளக்கும் இல்லை. ஜன்னல் வெளிச்சத்திலோ பல்பு அடியிலோதான் விளையாட வேண்டும்.

சுவர்க்கடிகாரத்தில் போடுகிறோமே, அந்தப் பென்சில் பாட்டரி நாலு போட்டால் சுமார் 15 மணி நேரம் ஓடியது.

சில்லுக்குத் தூங்கவும் தெரியும். திரையில் படம் விநாடிக்கு சுமார் 60 தடவை மாறும். ஒரு படத்துக்கான கணக்கு முடிந்ததும், அடுத்த படம் வரும் வரை சில்லைத் தூங்க வைக்க ஒரு கட்டளை உண்டு. விளையாட்டு எழுதுகிறவர்கள் அதைப் பயன்படுத்த வேண்டும் என்று நிண்டெண்டோ கையேட்டிலேயே சொல்லியிருந்தது. கண் இமைக்கும் நேரத்தில் பல தடவை தூங்கி எழும் கருவி! திரையின் பக்கத்தில் சின்ன சிவப்பு விளக்கு ஒன்று. பாட்டரி தீரத் தீர அது மங்கும்.

கலர்க் கருவிகளின் போட்டி

அதே 1989-ல் அமெரிக்காவில் அட்டாரி கம்பெனியின் "லிங்க்ஸ்" வந்தது. கலர்த் திரை. பின்னால் விளக்கு. போட்டிக்காரர் கருவி வருகிறது என்று உதவியாளர்கள் பதறிக் கொண்டு வந்தார்கள். திரை கருப்பு வெள்ளையா, கலரா என்று மட்டும் கேட்டார் யோகோய். கலர் என்று தெரிந்ததும் அவர் கவலை விட்டது.

காரணம், கணக்கு. லிங்க்ஸ் கருவிக்கு 6 பாட்டரி. அதிகம் போனால் 5 மணி நேரம். 100 மணி நேரம் விளையாடுகிறவனுக்குக் கேம் பாயில் சுமார் 28 பாட்டரி செலவு. லிங்க்ஸில் 120. கருவியின் விலையும் அமெரிக்காவில் கேம் பாய் சுமார் 90 டாலர் என்றால் லிங்க்ஸ் சுமார் 180 டாலர். 1990-ல் வந்த செகாவின் "கேம் கியர்" கருவியும் கலர்தான். அதற்கும் 6 பாட்டரி, 3 முதல் 5 மணி நேரம். அழகான திரைகள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் கருவியை ஒரு தடவை வாங்கினால் போதும், பாட்டரியை மாதாமாதம் வாங்க வேண்டும். சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கும் வீட்டில் இந்தக் கணக்கு எடுபடாமல் போகுமா?

கலர் பற்றி யோகோய்க்கு வேறொரு எண்ணமும் உண்டு. கரும்பலகையில் இரண்டு வட்டம் போட்டுப் பனிப் பொம்மை என்று காட்டினால், பார்க்கிறவன் மனம் தானே வெள்ளை பூசிக் கொள்ளும் என்பார்.

ஜப்பானில் இரண்டு வாரத்தில் 3 லட்சம் கேம் பாய் விற்றது. அமெரிக்காவில் "டெட்ரிஸ்" விளையாட்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். கட்டைகளை அடுக்கும் ஆட்டத்துக்குக் கலர் எதற்கு? 1993-ல் ரஷ்ய விண்வெளி வீரர் செரிப்ரோவ் கேம் பாயை விண்வெளிக்கே எடுத்துப் போனார். பின்னால் வந்த கலர் மாடலையும் சேர்த்தால் மொத்த விற்பனை 11 கோடியே 80 லட்சத்துக்கும் மேல்.

சறுக்கலும் சாவும்

1995-ம் ஆண்டு யோகோய் "வர்ச்சுவல் பாய்" கொண்டு வந்தார். கண்ணை வைத்துப் பார்த்தால் படம் ஆழமாகத் தெரியும். சிவப்பு எல்.இ.டி. விளக்கு மலிவு, மின்சாரமும் குறைவு என்பதால் படம் முழுக்கச் சிவப்பு. இந்தத் தடவை பழைய கணக்கு பலிக்கவில்லை. தலைவலிக்கிறது, கண் வலிக்கிறது என்றார்கள். பைக்குள் வைக்கவும் முடியாது. 8 லட்சம் கூட விற்கவில்லை. ஓராண்டுக்குள் கதை முடிந்தது.

1996-ம் ஆண்டு, இரண்டே சிறிய பாட்டரியில் ஓடும் "கேம் பாய் பாக்கெட்" வெளிவந்தது. அடுத்த மாதமே, 31 ஆண்டு வேலை பார்த்த கம்பெனியை விட்டு விலகினார் யோகோய். தோல்விக்காகத்தான் போகிறார் என்று பத்திரிகைகள் எழுதின. அவர் அதை மறுத்தார். தனியாகத் தொழில் தொடங்க முன்பே எண்ணியிருந்ததாகச் சொன்னார். சொன்னபடி "கோட்டோ" என்ற சிறு கம்பெனியைத் தொடங்கினார். பண்டாய் கம்பெனிக்காகப் புதிய கையடக்கக் கருவி ஒன்றின் வேலையில் இறங்கினார்.

1997-ம் ஆண்டு அக்டோபர் 4-ந் தேதி. இஷிகவா மாநிலத்து நெடுஞ்சாலையில் அவர் பயணம் செய்த கார் முன்னால் சென்ற வண்டியில் மோதியது. என்ன சேதம் என்று பார்க்க யோகோய் கீழே இறங்கினார். அப்போது வந்த இன்னொரு கார் அவர் மீது மோதியது. உயிர் பிழைக்கவில்லை. அவருக்கு வயது 56.

அவர் பாதியில் விட்டுப் போன கருவி "ஒண்டர்ஸ்வான்" என்ற பெயரில் 1999-ம் ஆண்டு மார்ச் 4-ந் தேதி கடைக்கு வந்தது. விலை 4,800 யென். அதில் போட வேண்டியது ஒரே ஒரு பென்சில் பாட்டரி. ஓடியது சுமார் 30 மணி நேரம். கருவியோடு வந்த முதல் விளையாட்டுகளில், கோடுகளை இணைக்கும் புதிர் ஒன்று இருந்தது. யோகோய் யோசித்து வைத்திருந்த புதிர் அது. "குன்பெய்" என்று அதற்கு அவர் பெயரையே வைத்திருந்தார்கள்.