யாழின் மறை திறந்த அடிகளார்

பொற்கொல்லர் தம்முட் பேசுங்கால் பொன்னைப் பறி என்பர். யானைப்பாகர் ஆடையைக் காரை என்பர். வேடர் கள்ளைச் சொல்விளம்பி என்பர். நன்னூலுக்கு உரை வகுத்தோர் காட்டிய இவ்வுதாரணங்களை அறியாத தமிழ் மாணவர் இலர். ஒரு கூட்டத்தார் பிறர் அறியாவண்ணம் தமக்குள் வழங்கும் இச்சொற்களைக் குழூஉக்குறி என இலக்கண நூலார் வகைப்படுத்தினர். மாட்டுச் சந்தையிலே தரகர் இருவர் துண்டின் கீழ்க் கைகோத்து விரலால் விலை பேசுவதும் இவ்வினத்ததே. வாத்சியாயனர் எண்ணிய அறுபத்துநான்கு கலைகளுள் மறைமொழி அமைத்தலும் ஒன்றாக நிற்கின்றது.

எழுத்திலே மறைக்கும் வழிகள் மிகப் பல. எனினும் வேர் இரண்டே. எழுத்துக்களை இடம் மாற்றி வைத்தல் ஒன்று. ஓரெழுத்தின் இடத்தில் வேறோர் எழுத்தை நிறுத்துதல் மற்றொன்று. முன்னையதன் இயல்பு மாலைமாற்றும் சுழிகுளமும் கோமூத்திரியும் பயின்ற நமக்குப் புதிதன்று. சித்திரகவியார் அழகுக்குச் செய்ததை மறையெழுத்தார் ஒளிப்புக்குச் செய்தனர். பின்னையதற்கு உரோமாபுரியின் யூலியசு சீசர் கையாண்ட முறை எளிய சான்று. எழுத்து வரிசையில் ஒவ்வொன்றையும் மூன்று இடம் தள்ளி எழுதுவர். நம் மெய்யெழுத்து வரிசையிலே அவ்வாறு தள்ளினால் மகரம் லகரமாகும், டகரம் நகரமாகும், லகரம் ளகரமாகும். மடல் என்னும் சொல் லநள் என நிற்கும். மூன்று என்னும் எண்ணே திறவுகோல். பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் ஆல்பெர்ட்டி, ஒன்றனுள் ஒன்று சுழலும் இரு வட்டத் தகடுகளில் எழுத்துக்களைப் பொறித்து இம்முறையை விரித்தார். உள்வட்டத்தைச் சிறிது திருப்பினால் எழுத்துக்கள் அனைத்தும் வேறு பொருள் கொள்ளும்.

இசைக்கும் இக்கலைக்கும் உறவுண்டு என்றால் வியப்போர் உளராகலாம். எழுபத்திரண்டு மேளகர்த்தா இராகங்களின் பெயர்களில் முதலிரண்டு எழுத்துக்கள் அவ்விராகத்தின் எண்ணைத் தம்முள் ஒளித்து வைத்துள்ளன. மாயாமாளவகௌளை என்பதில் மா என்பதற்கு 5. யா என்பதற்கு 1. 51 ஐத் திருப்பிப் படிக்க 15 ஆம் மேளம் என்றாகும். இது கடபயாதி என்னும் வடமொழி மரபு.

இவை யாவும் மறைக்கவேண்டும் என்றோ, குறுகச் சொல்லவேண்டும் என்றோ எண்ணிச் செய்தவை. ஒருவரும் மறைக்க எண்ணாமலே மறைந்துபோன எழுத்தும் உண்டு. வழிவழி கைமாறிய திறவுகோல் ஒரு தலைமுறையில் தொலைந்துவிடின், வெட்டவெளியில் எழுதிய செய்தியும் மறையெழுத்தாகிவிடும். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலும் ஆய்ச்சியர் குரவையிலும் உள்ள இசைப் பகுதிகளுக்கு நேர்ந்த கதி இதுவே. அவற்றைத் திறந்து படித்தவர் மட்டக்களப்புத் தந்த விபுலாநந்த அடிகளார். துறவியாகவும் கல்வியாளராகவும் கவிஞராகவும் அவரைப் போற்றும் நாம், மறை திறந்த கணித அறிஞராக அவரைப் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பது எம் கருத்து.

அடிகளார் 1892 மார்ச்சு 27 இல் காரைதீவில் சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகவாகத் தோன்றினார். இன்று அம்பாறை மாவட்டத்துள் அடங்கும் அவ்வூர் அந்நாளில் மட்டக்களப்பைச் சேர்ந்தது. பிள்ளைப் பெயர் மயில்வாகனம். உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடன் அச்சேற்றியதும் அதே 1892 ஆம் ஆண்டில்தான். பூட்டும் அதனைத் திறப்பாரும் ஓராண்டிற் பிறந்தனர் எனல் தகும்.

கல்முனையிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்ற மயில்வாகனனார்க்கு இருவேறு கல்வி ஒருங்கே வாய்த்தது. 1916 இல் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான தராதரம் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச்சங்கத்துப் பண்டிதத் தேர்வில், இலங்கையரில் முதல்வராகத் தேறினார். 1920 இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் வந்தது. யாழ்ப்பாணத்தில் ஆசிரியராகவும் மானிப்பாயில் அதிபராகவும் இருந்தவர், 1922 இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தைச் சார்ந்து 1924 இல் துறவு பூண்டார். தமக்குத் துறவளித்த சிவானந்தர் பெயரால் கல்லடி உப்போடையில், வாவிக்கும் கடலுக்கும் நடுவே, 1929 இல் வித்தியாலயம் நிறுவினார். 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர். 1936 இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை பூண்டார். குழூஉக்குறி பிறரை வெளியே நிறுத்தும். கலைச்சொல் பிறரை உள்ளே அழைக்கும். அடிகளார் எப்பக்கம் நின்றார் என்பதற்கு அம்மாநாடே சாட்சி.

இனி அவர் எதிர்ப்பட்ட பூட்டினைக் காண்போம். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என நரம்புகள் ஏழின் பெயர் நமக்குத் தெரியும். அவற்றின் மாத்திரை முறையே 4, 4, 3, 2, 4, 3, 2 என்பதும், கூட்ட 22 வரும் என்பதும் தெரியும். ஆயினும் இவற்றைப் பாடிக் காட்டுவார் எவருமிலர். அடியார்க்குநல்லார் பெயர் சுட்டிய இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு முதலியன அன்று கிடைத்தில. கானல்வரிக்கோ அவர் உரையே இல்லை. யாழும் வழக்கொழிந்தது. பெயர்கள் உள, ஒலி இல்லை.

உரையாளர் விட்டுச்சென்ற தடயம் ஒன்று இருந்தது, அதுவே வட்டப்பாலை. ஆய்ச்சியர் குரவையில் ஆயர் மகளிர் எழுவர் நரம்புகளின் பெயர் பூண்டு வட்டமாக நிற்கின்றனர். பன்னிரண்டு இராசிகளை வட்டமாக எழுதி, இடபம், கடகம், சிங்கம், துலாம், தனுசு, கும்பம், மீனம் என்னும் ஏழு வீடுகளில் நரம்புகளை நிறுத்துவது பழைய உரைமரபு. எஞ்சிய ஐந்தும் வெற்று வீடுகள். துலாத்திற் குரல் நின்றால் தனுசில் துத்தம், கும்பத்திற் கைக்கிளை, மீனத்தில் உழை, இடபத்தில் இளி, கடகத்தில் விளரி, சிங்கத்தில் தாரம். ஆர்மோனியப் பெட்டியில் ஒரு தானத்துள் அமைந்த பன்னிரண்டு சுரத்தானங்களை எண்ணிப் பாருங்கள், அப்பன்னிரண்டே இவ்வீடுகள். துலாந் தொடங்கி வாசித்தால் எழுவது அரிகாம்போதி. அதுவே செம்பாலை.

வட்டத்தை இனித் திருப்புவோம். வீடுகள் அசையா, குரல் என்னும் பெயர் மட்டும் நகரும். துத்தம் நின்ற தனுசைக் குரலாகக் கொண்டால் படுமலைப்பாலை, இன்றைய நடபைரவி. உழையைக் குரலாக்கினால் அரும்பாலை, சங்கராபரணம். இளியைக் குரலாக்கினால் கோடிப்பாலை, கரகரப்பிரியா. விளரியினின்று தோடியும், தாரத்தினின்று கலியாணியும் பிறக்கும். ஆல்பெர்ட்டி தகட்டைத் திருப்பியதும் நம் முன்னோர் பண்ணுப் பெயர்த்ததும் செயலால் ஒன்றே. குரல் நிற்கும் வீடு எது என்பதே திறவுகோல். அது தெரியாதார்க்கு ஏழு பெயரும் வெற்றுப் பெயர்.

மறையெழுத்தைத் திறந்தேன் என்று எவரும் சொல்லிவிடலாம். அத்திறவுகோல் ஓரிடத்திற் பொருந்தினால் எல்லா இடத்தும் பொருந்தவேண்டும். அன்றேல் அது ஊகம். அடிகளார்க்கு அத்தகைய சோதனைக்குக் கணிதம் துணை நின்றது. குரலுக்கும் இளிக்கும் உள்ள அலைவெண் விகிதம் இரண்டுக்கு மூன்று. ஒரு வீட்டிலிருந்து, அதனையும் சேர்த்து எண்ணின், எட்டாம் வீடே அதன் இளி. தாரத்தின் இளி உழை, உழையின் இளி குரல், குரலுக்கு இளி, இளிக்குத் துத்தம், துத்தத்துக்கு விளரி, விளரிக்குக் கைக்கிளை. பழைய உரை நரம்புகளின் பிறப்பைச் சொல்லும் முறையும் இதுவே. மேற்காட்டிய வட்டத்தில் சிங்கந் தொடங்கி எட்டெட்டாக எண்ணிப் பாருங்கள். ஒரு நரம்பேனும் வெற்று வீட்டில் விழாது. மாணவர் தாளும் கோலும் கொண்டு இதனைத் தாமே செய்து பார்த்தல் நன்று.

இத்துறையில் அடிகளார்க்கு முன்னவர் இலர் என்பதன்று. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917 இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டார். அவர் சுருதி இருபத்துநான்கு என்றார். செம்பாலையைச் சங்கராபரணமாகக் கொண்டார். அடிகளார் இருபத்திரண்டு என்பதில் நின்றார். பண்டிதர் உழைப்புக்குத் தலைவணங்கலாம். ஆயினும் துலாத்திற் குரலை வைத்த உரைமரபோடு ஒட்டிச் செல்வது அடிகளார் முடிபே. தொடங்கும் வீடு ஒன்று பிழைத்தால் ஏழு பாலையும் பெயர் மாறிவிடும் என்பதால் இது சிறு வழக்கன்று.

திறவுகோல் முற்றும் கைவராத நிலையில் நேர்வது யாது என்பதை மட்டக்களப்புக் கடல் ஒருமுறை கண்டது. இரண்டாம் உலகப் போரில் யப்பானியக் கடற்படை, சொற்களை ஐந்திலக்க எண்களாக்கி, அவற்றின்மேல் வேறொரு நூலிலிருந்து எண்களைக் கூட்டிச் செய்தி அனுப்பியது. ஒரு பேழைக்கு இரு பூட்டு. சிங்கப்பூரிலிருந்து வந்து 1942 இல் கொழும்புப் பள்ளிக்கூடம் ஒன்றில் அமர்ந்த பிரித்தானியக் குழுவினர் அதன் ஒரு பகுதியைப் படித்து, இலங்கைமேல் தாக்குதல் வரும் என்று முன்னறிந்தனர். ஏப்ரல் முதலாந் திகதியளவில் எதிர்பார்த்தனர். வந்தது 5 ஆந் திகதி. 9 ஆந் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. அத்துறைமுகத்தை நீங்கித் தெற்கே சென்ற எர்மிசு என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. மாண்டோர் 300 க்கு மேல். அச்சிதைவு இன்றும் அக்கடலடியிற் கிடக்கின்றது. கிழக்காபிரிக்காவுக்குப் பெயர்ந்த அக்குழுவினர் 1943 இல் கொழும்புக்கு மீண்டனர். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக அடிகளார் கொழும்பில் அமர்ந்ததும் அவ்வாண்டே. ஒரு நகரில், ஒருவரை ஒருவர் அறியாமல், இருவகை மறை திறப்பும் நடந்தன.

பதினான்கு ஆண்டு உழைப்பின் பயனாகிய யாழ் நூல், பாயிரவியல் தொடங்கி ஒழிபியல் ஈறாக ஏழு இயல்களையுடையது. பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்னும் பழங்கணக்கை ஏட்டளவில் விடாது, யாழ்களைச் செய்வித்தும் காட்டினார். கரந்தைத் தமிழ்ச்சங்கம் அந்நூலை வெளியிட, 1947 சூன் 5, 6 ஆம் நாள்களில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேற்றம் நிகழ்ந்தது. உடல் நலிந்திருந்தும் அடிகளார் நேரில் இருந்தார். அவ்வாண்டு சூலை 19 இல் மறைந்தார். கல்லடியிலே தாம் நிறுவிய வித்தியாலய வளவில் துயில்கின்றார். நிலவுக் காலத்தில் அவ்வாவியில் எழும் மீனிசையையும் அவர் ஆராயாது விட்டாரல்லர். நீரரமகளிர் இன்னிசைப் பாடல் அதிலிருந்து பிறந்தது.

அடிகளார் காணாத பஞ்சமரபு ஏடு பின்னர்க் கிடைத்து 1970 களில் அச்சேறியது. அவர் நூலையும் அதனையும் அருகருகே வைத்துப் படிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியுள்ளது. எம் கல்லூரி மாணவர் சிலர் வட்டப்பாலையை அட்டையில் வெட்டி, சுழலும் இரு தகடுகளாகச் செய்து அப்பணியைத் தொடங்கியுள்ளனர்; இப்போது விளரிப்பாலை வரை வந்துள்ளனர்.