பூட்டிய கதவைத் திறந்த அம்மையார்: பிரான்சிஸ் பெர்கின்ஸ்

உழைத்து வாழ்பவனுக்கு உடலே முதல். நிலமும் நீச்சும் இல்லாதவனுக்கு இரு கைகளே ஆஸ்தி. அந்தக் கை இயந்திரத்தில் சிக்கி நசுங்கினால், அவன் குடும்பம் மறுநாளே பட்டினியை எதிர்நோக்கும். அப்போது அக்குடும்பத்துக்கு அளிக்கப்படும் தொகை பிச்சையா, உரிமையா? உரிமையே என்று சட்டத்தின் வாயிலாக நிலைநாட்டப் பாடுபட்டவர்களுள், அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநிலத்தில் தொண்டாற்றிய பிரான்சிஸ் பெர்கின்ஸ் அம்மையார் முன்வரிசையில் நிற்பவர். அவர்தம் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

அம்மையார் 1880-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் பாஸ்டன் நகரில் பிறந்தார். தந்தையார் எழுதுபொருள் கடை நடத்தியவர். வறுமை அவ்வீட்டில் இல்லை. மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் பயின்றபோது, பொருளாதார வரலாறு கற்பித்த பேராசிரியை மாணவியரை அருகிலிருந்த ஆலைகளுக்கு அனுப்பி, அங்குள்ள நிலையை நேரில் காணச் செய்தார். ஒருவர் வறுமையுறுவது அவரது ஒழுக்கக் குறைவால் என்று கேட்டு வளர்ந்த அந்த இளம்பெண், ஒரு விபத்தே ஒரு நல்ல குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவிடும் என்பதை அங்கே கண்டார். 1902-இல் பட்டம் பெற்ற பின் ஆசிரியையாகவும் சமூகப் பணியாளராகவும் விளங்கி, 1910-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் அங்கே தொழிலாளியின் நிலை யாது? விபத்தில் அடிபட்டவன் முதலாளி மீது வழக்குத் தொடுத்து, குற்றம் முதலாளியுடையதே என்று மெய்ப்பிக்க வேண்டும். முதலாளியோ, தொழிலாளி கவனக்குறைவாக இருந்தான் என்றோ, உடன் வேலை செய்தவன் தவறு செய்தான் என்றோ, ஆபத்தை அறிந்தே வேலைக்கு வந்தான் என்றோ கூறித் தப்பிவிடலாம். இம்முறையை மாற்ற நியூயார்க் மாநிலம் 1910-இல் ஒரு நட்டஈட்டுச் சட்டம் இயற்றியது. ஆபத்தான தொழில்களில், யார் குற்றம் என்று ஆராயாமலே ஈட்டுத்தொகை வழங்க அது வழிவகுத்தது. ஆனால் குற்றமற்ற முதலாளியின் பொருளைப் பறிப்பது அரசியல் சட்டத்துக்கு முரணென்று கூறி, மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் 1911 மார்ச் 24-ஆம் நாள் அச்சட்டத்தைச் செல்லாதென்று தள்ளியது.

மறுநாளே அந்தப் பெருந்தீ மூண்டது. மார்ச் 25, சனிக்கிழமை மாலை. நியூயார்க் நகரில் பத்து அடுக்குக் கட்டடம் ஒன்றின் மேல் மூன்று தளங்களில் இயங்கிய டிரையாங்கிள் என்னும் மகளிர் மேலாடை ஆலையில் தீப்பிடித்தது. ஒன்பதாம் தளத்தில் ஒரு வாயிற்கதவு பூட்டப்பட்டிருந்தது. வெளிப்புறத்து இரும்புப் படிக்கட்டோ பாரம் தாங்காமல் சரிந்தது. தீயணைப்போரின் ஏணி ஆறாம் தளம் வரைக்குமே எட்டிற்று. சன்னல்களிலிருந்து பெண்கள் குதித்து மாண்டனர். இறந்தோர் 146 பேர். பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த யூத, இத்தாலியக் குடும்பங்களின் இளம்பெண்கள். அருகிலிருந்த தோழியின் இல்லத்தில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த அம்மையார், கூச்சல் கேட்டு ஓடிவந்து அக்கொடுமையைக் கண்ணாரக் கண்டார். அக்காட்சி அவர் வாழ்நாள் முழுவதும் அவரை விட்டு அகலவில்லை.

ஆலை முதலாளிகள் குற்றமற்றவர்கள் என்று அவ்வாண்டு டிசம்பரில் விடுவிக்கப்பட்டனர். இறந்தோரின் குடும்பத்தார் தொடுத்த வழக்குகளில் 1914-இல் ஓர் உயிருக்கு 75 டாலர் வீதம் கொடுத்துக் கணக்குத் தீர்க்கப்பட்டது. நட்டஈட்டுச் சட்டம் இல்லாத இடத்தில் ஏழையின் உயிருக்கு இட்ட விலை அதுதான்.

மாநில அரசு 1911-இல் ஆலை விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. அதில் இராபர்ட் வாக்னர் தலைவர். ஆல் ஸ்மித் துணைத் தலைவர். அம்மையார் அக்குழுவுக்காக ஆலை ஆலையாக ஆய்வு செய்தார். அறிக்கை எழுதுவதோடு நில்லாமல், சட்டமன்றத்தாரையே இழுத்துச் சென்று காட்டினார். பத்து மணிநேர இரவு வேலை முடிந்து கயிற்றாலையிலிருந்து வாடி வெளிவரும் பெண்களை ஸ்மித் காணும்படி செய்தார். தீ வந்தால் தப்பும் வழி என்று காட்டப்பட்ட சிறு துவாரத்தின் வழியே வாக்னரையே தவழ்ந்து போகச் செய்தார். அதன் மறுபுறம் இருந்தது பனி உறைந்த ஏணி. இதன் விளைவாக, வேலைநேரத்தில் கதவைப் பூட்டலாகாது, தீத்தடுப்புப் பயிற்சி நடத்த வேண்டும், தானே நீர் தெளிக்கும் குழாய்கள் பொருத்த வேண்டும் என்றெல்லாம் முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் பிறந்தன.

நட்டஈட்டுக்கும் வழி பிறந்தது. 1913-இல் மக்கள் வாக்களித்து மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தினர். 1914-இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. முதலாளிகள் கட்டாயமாகக் காப்பீடு செய்ய வேண்டும் என்றும் ஆயிற்று; அதற்கென மாநிலக் காப்பீட்டு நிதியும் தோன்றியது. 1917-இல் நாட்டின் உச்ச நீதிமன்றமே அச்சட்டத்தை ஏற்றது.

1919-இல் ஆளுநரான ஸ்மித், அம்மையாரை மாநிலத் தொழிற்குழு உறுப்பினராக அமர்த்தினார். நட்டஈட்டு மனுக்களை விசாரித்துத் தீர்ப்பது அக்குழுவின் பெரும்பணியாகும். 1929-இல் ஆளுநர் ரூஸ்வெல்ட் அவரை மாநிலத் தொழில் ஆணையராக உயர்த்தினார். இக்காலத்தில் கணவர் மனநோயுற்றமையால் குடும்பச் சுமையையும் அவரே தாங்கினார். 1933-இல் ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவரானதும், அந்நாட்டின் முதல் பெண் அமைச்சராகத் தொழிலாளர் துறையை ஏற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் நடத்தினார். மேற்கு வர்ஜீனியாவில் சுரங்கவழி தோண்டியபோது கல்தூசி நுரையீரலில் படிந்து, கறுப்பினத்தவரே மிகுதியாக இருந்த தொழிலாளர் பலர் மாண்ட செய்தி வெளியானதும், 1936-இல் அந்நோய் குறித்துத் தேசிய மாநாடு கூட்டினார்.

அவர் பணியில் குறையும் உண்டு. 1935-இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டம் பண்ணை வேலையாட்களையும் வீட்டு வேலையாட்களையும் விட்டுவிட்டது. கறுப்பின மக்களுள் பெரும்பாலோர் அவ்வேலைகளிலேயே இருந்தனர். எவர் மிகவும் ஒடுக்கப்பட்டவரோ, அவரைச் சட்டம் கடைசியாகவே நாடி வருகிறது. இதை நாம் மறத்தலாகாது.

அம்மையார் 1965 மே 14-ஆம் நாள் மறைந்தார். இறுதிவரை கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்க்குக் கற்பித்து வந்தார்.

இளைஞர்களே, என் மாணவன் ஒருவனின் தந்தை கல்லுடைக்கும் ஆலையில் மூன்று விரல்களை இழந்தார். வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு, சிறுதொகை கொடுத்து அனுப்பிவிட்டனர். அவர் என்னிடம் வந்தது மூன்று ஆண்டுகள் கழித்து. 1923-ஆம் ஆண்டின் நட்டஈட்டுச் சட்டப்படி மனுச் செய்வதற்கு அன்றிருந்த இரண்டாண்டுக் கெடு கடந்திருந்தது. ஆகவே இனி வழியில்லை என்று கூறி அனுப்பினேன். தக்க காரணம் காட்டினால் தாமதமான மனுவையும் ஆணையர் ஏற்கலாம் என்று அச்சட்டத்திலேயே இருப்பதைப் பின்னரே படித்தறிந்தேன். அப்போது அவர் ஊரை விட்டே போய்விட்டார். பட்டம் பெற்ற தலைமையாசிரியனாகிய என் அறியாமையும் அவருக்கு ஒரு பூட்டிய கதவாயிற்று.

நம் கழகம் உங்களுக்குக் கல்வி தந்தது தேர்வில் தேறுவதற்கு மட்டுமன்று. நம் தெருவில் ஒருவர் வேலையில் அடிபட்டால், எந்தத் தாளிலும் கைநாட்டு வைக்குமுன் அதை அவருக்குப் படித்துச் சொல்லுங்கள். மனு எழுதிக் கொடுங்கள். உரிய அலுவலகத்துக்கு உடன் செல்லுங்கள். பெர்கின்ஸ் அம்மையாருக்கு நாம் செலுத்தத்தக்க வணக்கம் அதுவேயாகும்.